எடை கேட்காத உடற்பயிற்சி வகுப்பு: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மதிப்புரை

பாளையங்கோட்டையில், திருச்செந்தூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில், ஒரு சிறிய கல்யாண மண்டபத்தின் மாடியிலுள்ள சாப்பாட்டுக் கூடத்தில் பெண்களுக்கான காலை உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது. பெயர்ப்பலகையோ விளம்பரமோ கிடையாது; ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவதுதான் வழக்கம். ஐந்தரை மணிக்கு ஒரு பிரிவும் ஆறரை மணிக்கு இன்னொரு பிரிவும், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் நடக்கின்றன. மாதக் கட்டணம் 700 ரூபாய். சேர்க்கைக் கட்டணம் தனியாக இல்லை. நடத்துபவர் இயன்முறை மருத்துவம் படித்து, சில ஆண்டுகள் மருத்துவமனையில் பணியாற்றிவிட்டு இதைத் தொடங்கியவர். எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைக்கிறார்கள். பருத்த உடலுள்ள ஒருத்தி கூனிக் குறுகாமல் போய், மறுநாளும் போகலாம் என்ற எண்ணத்தோடு திரும்பிவரக்கூடிய இடமா இது என்ற ஒரே அளவுகோலை வைத்துத்தான் இந்த வகுப்பை மதிப்பிடுகிறேன். நானும் அப்படிப்பட்ட உடலோடு வாழ்கிறவள் என்பதால், எனக்கு இதைவிட முக்கியமான அளவுகோல் வேறு இல்லை.

திருநெல்வேலிப் பக்கத்தில் உடம்பைப் பற்றிப் பேசுவது நலம் விசாரிப்பின் முதல் வரியாகவே இருந்துவருகிறது. நெடுநாள் கழித்துப் பார்க்கும் உறவினர் "என்னட்டீ, இப்படிப் பெருத்துட்ட?" என்று கேட்ட பிறகுதான் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பார். அவர் அன்பினால்தான் கேட்கிறார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டு வளர்ந்த ஒருத்தி, கல்யாண வீட்டுப் பந்தியில் இன்னொரு கரண்டி சொதி (தேங்காய்ப்பாலில் வைக்கும் குழம்பு) கேட்பதற்குத் தயங்கி, பாதி வயிற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்து, வீட்டுக்கு வந்து எல்லோரும் உறங்கிய பிறகு சமையற்கட்டில் நின்றபடியே பசிக்கு மேல் சாப்பிடுகிறாள் என்பது அவருக்குத் தெரியாது. வெளிச்சம் வந்துவிட்டால் நடைப்பயிற்சிக்குப் போகத் தயங்குகிறவர்களையும், முழங்கால் வலிக்கு மருத்துவரிடம் போனால் காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே எடையைப் பற்றிய அறிவுரை வந்துவிடும் என்று வருடக்கணக்கில் வலியைப் பொறுத்துக்கொண்டவர்களையும் இந்த வகுப்பிலேயே நான் சந்தித்திருக்கிறேன்.

இப்படிச் சொல்லிச் சொல்லியாவது ஒருவர் திருந்துவார் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைக் கொண்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வு அதற்கு நேர்மாறான படத்தைக் காட்டியது. எடையின் காரணமாகத் தாங்கள் இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களிடம் இறப்பு அபாயம் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. அவர்களுடைய எடை, ஏற்கெனவே இருந்த நோய்கள், மனச்சோர்வு, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு முழுவதும் மறைந்துவிடவில்லை. உடல் எடை என்பது முற்றிலும் மன உறுதியைப் பொறுத்தது என்ற எண்ணம் அறிவியல் அறிந்தவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று, 2020இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி ஓர் இணக்க அறிக்கையும் வெளியிட்டார்கள். மரபுக்கூறுகள், தூக்கம், தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, ஸ்டீராய்டு, இன்சுலின் போன்ற மருந்துகள் என எத்தனையோ காரணங்கள் ஓர் உடலின் எடைக்குப் பின்னால் இருக்கின்றன. எடை குறையும்போது உடலே பசியைக் கூட்டியும் ஆற்றல் செலவைக் குறைத்தும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் நடத்தும் வகுப்பு எப்படி இருக்கும் என்பதைச் சேரும் நாளிலேயே உணர முடிந்தது.

சேருவதற்கான படிவத்தில் எடைக்கு இடமே இல்லை. மூட்டு வலி, இரத்த அழுத்தம், சர்க்கரை, சாப்பிடும் மருந்துகள், பிரசவமும் அறுவைச் சிகிச்சையும் நடந்த விவரம், இரவில் எத்தனை மணி நேரம் தூக்கம், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்பன போன்ற கேள்விகள்தான் இருக்கின்றன. கடைசியில், "எந்த வேலையைச் சிரமமில்லாமல் செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி வருகிறது. வயதான ஓர் ஆச்சி அதற்கு, ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் தேரோடு நான்கு ரத வீதிகளையும் சுற்றிவர வேண்டும் என்று எழுதச் சொன்னார். இன்னொருவர், தரையில் உட்கார்ந்து பேரனோடு விளையாடிவிட்டு யாருடைய கையையும் பிடிக்காமல் எழுந்திருக்க வேண்டும் என்றார். அவரவர் சொன்ன அந்த வேலையை நோக்கியே பயிற்சி திட்டமிடப்படுகிறது.

எடை பார்க்கும் கருவி இல்லாமல் இல்லை. மண்டபத்து அலுவலக அறையில், கதவைச் சாத்திக்கொள்ளும் வசதியோடு, அது இருக்கிறது. வேண்டுமென்று கேட்பவர்கள் மட்டும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்த எண்ணை யாரும் கேட்பதில்லை. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனென்றால் எடையையும் உயரத்தையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை குறியீட்டை ஒரு மனிதரின் நலத்துக்குத் தீர்ப்பாகவே கொள்ளும் வழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே 1830களில் அந்தக் கணக்கை உருவாக்கியபோது, ஒரு மக்கள்தொகையின் சராசரி உடலை ஆராய்வதே அவருடைய நோக்கமாக இருந்தது. 1972இல் ஆன்செல் கீஸ் என்ற உடலியலாளர் இன்றுள்ள பெயரில் அதைப் பரவச் செய்தார். இந்தியர்களுக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரும் இயல்பு அதிகம் என்பதாலும், குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது என்பதாலும், நம் நாட்டு மருத்துவர்கள் அந்தக் குறியீட்டில் 23இலிருந்தே கூடுதல் எடை என்றும் 25இலிருந்து உடற்பருமன் என்றும் எல்லை வகுத்திருக்கிறார்கள். அது தேவையான எச்சரிக்கைதான். அதேசமயம், அந்தக் குறியீட்டை மட்டும் வைத்து ஒருவருக்கு உடற்பருமன் நோய் என்று முடிவு கட்டக்கூடாது, இடுப்புச் சுற்றளவு போன்ற வேறு அளவுகளையும், உறுப்புகளின் செயல்பாடு உண்மையில் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்தது. டீச்சர் இதை எளிய தமிழில் விளக்குகிறார். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, இன்ச் டேப்பை நம் கையிலேயே கொடுத்துவிடுகிறார். வீட்டில் அளந்துகொள்ளலாம், அவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

இனி பயிற்சிக்கு வருகிறேன். கூடத்தில் போடப்படும் நாற்காலிகள் கைப்பிடி இல்லாதவை. கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும்போது இடுப்பு சிக்கிக்கொள்ளுமோ, எழும்போது நாற்காலியும் கூடவே வந்துவிடுமோ என்ற அச்சத்தோடு எத்தனையோ விசேஷ வீடுகளில் நின்றுகொண்டே பொழுதைக் கழித்தவர்களுக்கு, இந்த ஏற்பாட்டின் அருமை சொல்லாமலே விளங்கும். தரையில் விரிப்பு விரித்துப் படுத்துச் செய்யும் பயிற்சி முதல் மாதத்தில் யாருக்கும் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கைகளை ஊன்றி உடலைத் தள்ளுதல், ரப்பர் பட்டையை இழுத்தல், மணல் நிரப்பிய தண்ணீர்ப் பாட்டில்களைத் தூக்குதல், குதிகாலை உயர்த்தி இறக்குதல் ஆகியவைதான் அடிப்படை. ஒவ்வொன்றுக்கும் எளிய வடிவம், நடுத்தர வடிவம், கடினமான வடிவம் என மூன்றையும் முதலிலேயே செய்து காட்டிவிட்டு, அன்றைய தெம்புக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறார். ஆகவே நடுவில் நிறுத்துபவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியும் இல்லை. சுடிதார், சேலை, நைட்டியின் மேல் துண்டு என எந்த உடையோடும் வரலாம். பயிற்சிக்கென்று தனி உடை வாங்கப் போய் அளவு கிடைக்காமல் திரும்பியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் நன்கு அறிவேன்.

முன்னேற்றத்தை அளக்க டீச்சர் வைத்திருக்கும் முறை என்னைக் கவர்ந்தது. 30 நொடிகளில், கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று மாதம் ஒருமுறை எண்ணுகிறார்கள். முதியவர்களின் கால் வலிமையை அறிய உலகெங்கும் இயன்முறை மருத்துவர்கள் பயன்படுத்தும் சோதனைதான் இது. எடை பார்க்கும் கருவியின் எண் வாரக்கணக்கில் அசையாமல் நின்று மனத்தை உடைக்கும் காலத்திலும் இந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். தசை வலுப்பெறும்போது மூட்டின் சுமை குறைகிறது. இயங்கும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலேயே இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். எடை சிறிதும் குறையாவிட்டாலும் இந்தப் பலன்கள் கிடைக்கின்றன என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார், அது உண்மையும்கூட. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கமும், வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்கிறது. அது ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் ஒன்றே.

வகுப்பில் இரத்த அழுத்தம் பார்க்கும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேல்கையின் நடுப்பகுதியை இன்ச் டேப்பால் அளந்த பிறகே கைப்பட்டையை எடுக்கிறார்கள். வழக்கமான அளவிலும் பெரிய அளவிலும் இரண்டு பட்டைகள் வைத்திருக்கிறார்கள். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டையைப் பயன்படுத்தியபோது மேல் அழுத்தம் சராசரியாக 5 அலகும், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 20 அலகும் மிகையாகக் காட்டியது தெரியவந்தது. தேவையில்லாத மாத்திரையும் தேவையில்லாத அச்சமும் இதனால் வரக்கூடும். உடலைக் குறை சொல்லாமல் கருவியை உடலுக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்ளும் இந்த அக்கறை எல்லா மருந்தகத்திலும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வீட்டில் கருவி வாங்குபவர்களும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கைச்சுற்றளவைப் பார்த்து வாங்குவது நல்லது. அதோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரையுள்ள கைகளுக்கானதாகவே இருக்கும்.

சனிக்கிழமைகளில் பயிற்சிக்குப் பிறகு சாப்பாட்டைப் பற்றிய பேச்சு உண்டு. எந்தப் பந்தியில் இலையைப் பார்த்து நம்மைப் பேசினார்களோ, அதே போன்ற பந்திக்கூடத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டைப் பற்றி வெட்கமில்லாமல் பேசக் கிடைத்தது எனக்கு எவ்வளவோ தெளிவைத் தந்தது. இங்கே எந்தப் பண்டமும் விலக்கப்பட்டதல்ல. சொதியை எடுத்துக்கொண்டால், முதல் தேங்காய்ப்பாலைச் சற்றுக் குறைத்து, மூன்றாம் பாலில் வேகும் காய்களையும் பாசிப்பருப்பையும் தாராளமாகக் கூட்டி, உருளைக்கிழங்கு சிப்ஸுக்குப் பதிலாக இஞ்சிப் பச்சடியோடு ஒரு பொரியலையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் டீச்சர். முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் வாழைக்காயும் துவரம்பருப்பும் சேரும் நம் கூட்டாஞ்சோற்றில் அரிசியின் பங்கைக் குறைத்துக் காயின் பங்கைக் கூட்டினாலே அது நிறைவான உணவாகிவிடுகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் பெண்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மீந்த குழம்போடு சோற்றைப் பிசைந்து சாப்பிடுவதால், காய் அவர்களுடைய தட்டுக்கு வந்துசேர்வதே இல்லை என்று அங்கே ஒருவர் சொன்னபோது கூடத்தில் பலரும் தலையசைத்தார்கள். அன்றிலிருந்து, பரிமாறுவதற்கு முன்பே தமக்கான காயைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவைக்கும் பழக்கத்தைச் சிலர் தொடங்கியிருக்கிறார்கள்.

அல்வாவைப் பற்றிய கேள்வியும் வராமல் இருக்குமா? அதற்கு டீச்சர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "சாப்பிடணும்னு தோணுச்சுன்னா ஒரு துண்டு எடுத்து, எல்லாரும் இருக்கும்போது, உக்காந்து ருசிச்சுச் சாப்பிடுங்கக்கா. ஒளிஞ்சு நின்னு சாப்பிடாதீங்க." சர்க்கரை நோயுள்ளவர்களிடம் அளவையும், அதை எந்த உணவுக்கு ஈடாக எடுத்துக்கொள்வது என்பதையும் தனியாகப் பேசுகிறார். இரவு உணவுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பதும், முடிந்தவரை ஒரே நேரத்தில் படுக்கப்போவதும் அவர் வற்புறுத்தும் மற்ற பழக்கங்கள். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடுகிறது என்பது பலரும் தம் அனுபவத்தில் கண்டதுதான்.

உறவினர்களின் பேச்சை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு வகுப்பில் தனிப் பாடம் எதுவும் இல்லை. ஆனால் சேர்ந்து இருப்பதாலேயே ஒரு வழி பிறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் ஒன்றாக வ.உ.சி. மைதானத்துப் பக்கம் நடக்கப் போகிறார்கள். தனியாக நடக்கும்போது கேட்ட கேலிப் பேச்சு கூட்டமாக நடக்கும்போது கேட்பதில்லை; கேட்டாலும் உறைப்பதில்லை. "பெருத்துட்டியே" என்பவரிடம் "நல்லா இருக்கேன் மைனி, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று பேச்சைத் திருப்பிவிடுவதும், மிக நெருங்கியவர்களிடம் மட்டும் "அந்தப் பேச்சு எனக்கு வருத்தமா இருக்கு, விட்டுருங்க" என்று நேராகச் சொல்வதும் எங்களுக்குள் பேசிப் பேசிக் கண்ட வழிகள். இவற்றால் பேச்சு முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனால் அதைக் கேட்ட மறுநாள் காலை வகுப்புக்கு வராமல் போகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. முதலாவது, கூடம் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை. முழங்கால் வலியோடு வருபவர்களுக்காகவே நடக்கும் வகுப்பில் செங்குத்தான படிகள் பெரிய தடை. அப்படிப்பட்டவர்களுக்குக் கீழே மணமகள் அறையில் வாரம் இரண்டு நாள் தனியாகச் சொல்லித்தருகிறார்கள் என்றாலும், கூட்டத்தோடு செய்யும் ஊக்கம் அதில் கிடைப்பதில்லை. இரண்டாவது குறை எனக்கு இன்னும் வருத்தமானது. வகுப்புக்கான வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர்கள் சிலர், ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கும் கஞ்சி, மெலிவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் மாவு டப்பாக்களின் விற்பனை அறிவிப்பு ஆகியவற்றை இடைவிடாமல் பகிர்கிறார்கள். கூடத்துக்குள் இவ்வளவு கவனமாக இருக்கும் டீச்சர் குழுவில் அதைக் கண்டும் பேசாமல் இருந்துவிடுகிறார். வயதில் மூத்தவர்களை எப்படிக் கண்டிப்பது என்ற தயக்கம் அவருக்கு இருக்கலாம். என்றாலும், காலையில் பெற்ற தெம்பை அந்தப் படங்கள் மாலையில் கரைத்துவிடுகின்றன என்று நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். பகிர்வதற்கு விதிமுறை ஒன்று எழுதுவதாகச் சொன்னார், இன்னும் எழுதவில்லை. ஆண்களுக்குப் பிரிவு இல்லை. தொப்பையைக் கேலி செய்தே வளர்க்கப்படும் பையன்களுக்கும் இப்படி ஓர் இடம் வேண்டும்.

யாருக்கு இது ஏற்றது என்று கேட்டால், இதற்கு முன் உடற்பயிற்சியே செய்யாதவர்களுக்கும், வேறு இடங்களில் சேர்ந்து வெட்கத்தால் நின்றுவிட்டவர்களுக்கும், மூட்டு வலியோ சர்க்கரையோ உள்ள நடுத்தர வயதினருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். குறிப்பிட்ட நாளுக்குள் இத்தனை கிலோ குறைய வேண்டும் என்று வருபவர்களுக்கு இங்கே வாக்குறுதி எதுவும் கிடைக்காது. சிலருக்கு எடை குறைந்திருக்கிறது, சிலருக்குக் குறையவில்லை. நெஞ்சுவலி உள்ளவர்களும் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரின் அனுமதிக் கடிதத்தோடு வந்தால்தான் சேர்த்துக்கொள்கிறார்கள், அது சரியானதே.

சேர நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூடம் கல்யாண மண்டபத்துக்குச் சொந்தமானது என்பதால் முகூர்த்த நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் வகுப்பு இருக்காது. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் இப்படிப் பல நாள்கள் விட்டுப்போகின்றன, கட்டணத்தில் அதற்குக் கழிவும் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணங்கள் இல்லாததால் மாதம் முழுவதும் தடையின்றி நடக்கிறது. புதிதாகப் பழக்கத்தைத் தொடங்குபவர்களுக்கு இடைவெளி விழாமல் இருப்பது முக்கியம் ஆகையால், ஆனி கடைசியிலேயே பெயரைக் கொடுத்துவிட்டு ஆடி முதல் தேதியில் போய்ச் சேருவது நல்லது.